சின்னத்துரையைப் படலையில் நிறுத்திய விதம்

ஸ்கந்தபுரம்,
16.2.62

அன்புள்ள மகள் பத்மாசனிக்கு,

இங்கு நானும் அப்பாவும் சுகம். மாடுகள் சுகம். அறுவடை முடிந்து வெட்டிய கதிரைச் சூடாக அடுக்கியும் வைத்தாயிற்று, இந்த முறை மழை எங்களை ஏமாற்றவில்லை. உன்னுடைய குதிரை சின்னத்துரை எங்கள் எல்லோரையும் விடச் சுகம். நீயும் கொழும்பில் சாப்பாடு, நித்திரை குறையாமல் இருப்பாய் என்று நம்பி இதை எழுதுகிறேன். போன கிழமை வந்த உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். நாலு பக்கக் கடிதத்தில் அப்பாவின் முழங்கால் வலிக்கு அரை வரி, எனக்கு ஒரு வரி, மிச்சமெல்லாம் சின்னத்துரைக்கு. அவன் ஒழுங்காகச் சாப்பிடுகிறானா, என்னைத் தேடுகிறானா, என் பழைய சட்டையை அவனுக்கு மணக்கக் கொடுங்கள், சித்திரை வருஷப் பிறப்புக்கு வரும்போது அவனுக்குக் கிறீம் பிஸ்கட் கொண்டு வருகிறேன், அவன் என் தோளில் கால் போட்டுக் கட்டிப்பிடிப்பதை நினைத்தால் கண்ணீர் வருகிறது என்று. நோயாளிகளுக்கு ஊசி போடப் படிக்கிற பிள்ளை எழுதிய கடிதம் அது. எனக்கு வாசிக்கக் கூச்சமாக இருந்தது. அப்பா மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தரம் வாசி என்றார்.

அந்தக் கட்டிப்பிடிப்பைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீ போன பிறகு நடந்ததை உனக்கு எழுதவில்லை. தாதிப் படிப்பில் முதல் வருஷம், பிள்ளையின் மனதைக் குழப்பாதே என்று அப்பா மறித்தார், நானும் வழக்கம்போலச் சரி என்றேன். இப்போது நீ வரப்போகிறாய், இனி எழுதாமல் இருக்க முடியாது. கார்த்திகை மழைக்குள் பக்கத்து வளவு அன்னபாக்கியத்தின் வலது கை மணிக்கட்டில் முறிந்தது. முறித்தவன் உன் சின்னத்துரை. எங்களுக்கும் அவர்களுக்கும் பொதுவான எல்லைக் கிணற்றில் அவள் தண்ணீர் அள்ளிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பியபோது, இவன் ஓடிவந்து பின்னங்காலில் எழும்பி, நீ பழக்கியபடியே முன்னங்கால் இரண்டையும் அவள் தோளில் போட்டான். அவள் விழுந்தாள், அவளுடைய கைக்கு மேல் இவனுடைய குளம்பு. அதற்குப் பிறகு விழுந்து கிடந்தவளின் முகத்தை மணந்து பார்த்து, சேலைத் தலைப்பை வாயில் எடுத்து இழுத்தான், தின்ன ஏதாவது முடிந்து வைத்திருக்கிறாளா என்று. கோபம் இல்லை, வெறி இல்லை, அன்பு. வெறிபிடித்த மிருகம் என்றால் ஊரில் நாலு பேர் நியாயம் பேசலாம். அன்பினால் கை முறிந்தவளிடம் போய் நான் என்ன சொல்வது? மன்னித்துக்கொள்ளுங்கள் என்று வாயெடுத்தேன், அதுவும் பாதியில் நின்றுவிட்டது. கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு அவளைக் கொண்டுபோன வண்டிலில் நானும் ஏறிப் போய்த் திரும்பி வந்தேன்.

அவன் வந்த கதையை நீ மறந்திருப்பாய். மறந்தவர்கள்தான் இப்படிக் கடிதம் எழுதுவார்கள். அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி ஏரம்பு நெடுந்தீவிலிருந்து வள்ளத்திலும் பிறகு உப்பு லொறியிலுமாக ஒரு சாக்குப் பொட்டலத்தைக் கொண்டுவந்து எங்கள் முற்றத்தில் வைத்தான். பொட்டலத்துக்குள் நாலு நீளக் காலும் ஒரு தலையும் இருந்தன. அங்கே காட்டில் திரிகிற குதிரைகளில் ஒன்று வறட்சியில் செத்துப்போனதாம், குட்டி தாயின் பக்கத்தில் நின்றதாம். “கடலிலை எறியவே அண்ணை, உங்களுக்கெண்டு கொண்டு வந்தனான்” என்றான். எறியாத புண்ணியம் அவனுக்கு, வளர்க்கிற பாவம் எங்களுக்கு. உன் அப்பா கதிரையை விட்டு எழும்பவில்லை, ஆனால் அவருடைய முகத்தில் நான் பார்த்தேன், அவர் அப்போதே மனதுக்குள் குதிரையில் ஏறிக் கமக்காரரின் வாய்க்கால் கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். எங்கள் மாடு வெள்ளைச்சியின் பாலைச் சூப்பிப் போத்தலில் விட்டு நீ அவனுக்குப் பருக்கினாய். குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் சாக்கு விரித்துப் படுக்க வைத்தாய். சின்னத்துரை என்று பெயர் வைத்தாய், சங்கக்கடை மனேச்சரின் பெயரும் அதுதான் என்பதை நினைக்காமல். அந்த மனுசன் ஒருநாள் சிரிக்காமல் என்னிடம் சொன்னார், “ரீச்சர், உங்கடை வீட்டிலை ‘சின்னத்துரை, குளிக்க வாடா’ எண்டு கேட்டுது, நான் சைக்கிளை நிப்பாட்டிப் போட்டன்” என்று. அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆட்டுக்கடா அளவு இருந்தபோது அவன் உன் தோளில் கால் போடுவதைப் பார்க்க வழியால் போகிறவர்கள் எல்லாம் வந்து வேலியில் நின்றார்கள். நீ கைதட்டுவாய், அவன் எழும்புவான், எல்லோரும் சிரிப்பார்கள். அவன் வளர்ந்தால் என்ன ஆகும் என்ற எண்ணம் அந்தச் சிரிப்பில் ஒருவருக்கும் வரவில்லை. நானும் அன்று நின்று பார்த்தேன்.

எங்கள் சனத்தின் வழக்கம் உனக்குத் தெரியும். வந்தவரைப் படலையில் நிற்க வைத்துப் பேசக் கூடாது, ஒன்றும் கொடுக்காமல் அனுப்பக் கூடாது. யாழ்ப்பாணத்திலிருந்து இந்தக் காட்டுக்கு வந்தபோது மண்வெட்டியோடு அதையும் கட்டிக்கொண்டு வந்தோம். குதிரைக்கும் அந்த மரியாதையைக் கொடுத்தோம். குசினி வாசலுக்கு வந்தான், அப்பம் கொடுத்தோம். விறாந்தைக்கு வந்தான், வாழைப்பழம் கொடுத்தோம். வந்த விருந்தாளிகளும் தங்கள் பங்குக்கு மடியிலிருந்தும் பையிலிருந்தும் எடுத்துக் கொடுத்தார்கள். ஆகவே அவன் ஒரு பாடம் நன்றாகப் படித்தான். மனிதர் என்றால் தீனி முடிந்து வைத்திருக்கும் துணிகள். இழுத்தால் விழும். மீராசாகிபுவை உனக்கு நினைவிருக்கும், முல்லைத்தீவிலிருந்து கருவாடும் சீத்தைத் துணியும் வண்டிலில் கொண்டு வருகிறவர். அவர் எங்கள் விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது இவன் பின்னால் போய் அவருடைய தொப்பியைக் கழற்றி வாயில் வைத்துச் சப்பினான். அவர் எழும்பவுமில்லை, கோபிக்கவுமில்லை. “பரவாயில்லை ரீச்சர், குழந்தைப் பிள்ளைதானே, வெச்சிருக்கட்டும்” என்றார். தொப்பி இல்லாமல் வெயிலில் போனார். அதற்குப் பிறகு அவருடைய வண்டில் எங்கள் ஒழுங்கைக்குத் திரும்பவில்லை. நான் அக்கராயனுக்கு நடந்து போய்க் கருவாடு வாங்கினேன். நல்ல மனிதர்கள் இப்படித்தான், ஒரு குற்றமும் சொல்லாமல் வராமல் விட்டுவிடுவார்கள். அவன் ஒருநாள் எனக்குப் பின்னாலேயே பள்ளிக்கூடத்துக்கு வந்து நான் படிப்பிக்கிற ஐந்தாம் வகுப்புக்குள் புகுந்ததும், சோக்குக்கட்டிப் பெட்டியைத் தின்றதும், தலைமை ஆசிரியர் என்னைப் பார்த்த பார்வையும் வேறு கதை. என்னை எப்போதும் ‘விமலேஸ்வரி ரீச்சர், பட்டம் எடுத்தவ’ என்று அறிமுகப்படுத்துகிறவர், அன்றைக்கு அந்தப் பட்டத்தைச் சொல்லவில்லை.

அன்னபாக்கியத்தின் கை முறிந்த மறுநாள் அவளுடைய புருஷன் வீரகத்தி வந்தார். படலையைத் திறக்காமல் வெளியிலேயே நின்றார், கையில் காட்டுப் பன்றி சுடுகிற கட்டுத் துவக்கு. “ரீச்சர், உங்களுக்கு நான் மரியாதை தாறனான். அண்ணைக்கும் மரியாதை தாறனான். ஆனா இனி உது என்ரை மனிசியிலை முட்டினதெண்டால் பண்டிக்கு வைச்ச ஈயம் உதுக்குத்தான். பிறகு கதை வேண்டாம்” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னால் செய்கிறவர். அவர் பக்கத்தில் நியாயமும் இருந்தது, அதுதான் பயம். தனக்கும் உரிமையான கிணற்றுக்குப் போக அவருடைய மனிசி பயப்படுகிறாள். மழைக்குள் ஒற்றைக் கையோடு சமைக்கிறாள். நான் விடியப்புறத்தில் அவர்களுக்குத் தண்ணீர் அள்ளி வேலியடியில் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். அவள் என்னோடு பேசவில்லை, ஆனால் வேலிக்கு இந்தப் பக்கம் கேட்கட்டும் என்றே தன் தங்கையிடம் பேசினாள், “பீ.ஏ. படிச்சவவாம், ஊர்ப் பிள்ளையளுக்கெல்லாம் மரியாதை படிப்பிக்கிறாவாம், வீட்டிலை நிக்கிற நாலு காலுக்கு ஒரு சொல்லுச் சொல்ல அவவுக்கு வாய் இல்லை” என்று. நான் மிச்சத் தண்ணீரையும் வேலியடியில் வைத்தேன். அதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை.

பிறகு ஆலோசனை சொல்ல ஊர் திரண்டது. இந்தக் குடியேற்றத் திட்டத்தில் குதிரையை முன்பின் கண்டவர் ஒருவரும் இல்லை, அதனால் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. மூக்குக் குத்திக் கயிறு போட்டால் மாடு மாதிரி அடங்கும் என்று நாலு பேர் சொன்னார்கள், அதில் ஒருவர் ஊசியும் கயிறுமாகவே வந்துவிட்டார். உன் அப்பாவுக்கு வேண்டாம் என்று சொல்லத் தைரியம் இல்லாமல் தேத்தண்ணி கொடுத்து உட்கார வைத்தார். குத்த வந்தவரின் ஊசியைப் பறித்து எங்கோ போட்டவன் சின்னத்துரைதான், அவன் தன் வாழ்க்கையில் செய்த ஒரே புத்தியான வேலை அது. வீரகத்தி மூக்கில் தடியால் போடச் சொன்னார், தானே வந்து போட்டும் காட்டினார். சின்னத்துரை தலையை உதறிவிட்டு, ஓ, விளையாட்டா என்று நினைத்துத் தடியின் மற்ற நுனியைக் கவ்வினான். இருவரும் முற்றம் முழுக்க இழுத்தார்கள். வீரகத்தி மூச்சு வாங்க, இவனுக்கு நல்ல சந்தோஷம். உன் அப்பாவின் ஆலோசனை எல்லாவற்றிலும் மேல். “இஞ்சாரும், பாவம், தாயில்லாத சீவன். அன்பாய்ச் சொன்னால் கேப்பான்” என்று கழுத்தைத் தடவினார். அன்பாய்ச் சொல்லச் சொல்ல அவன் அவருடைய சால்வையின் நுனியைத் தின்றான்.

அவன் முறையாக நடக்கிற ஒரே ஒரு சீவனைப் பிறகுதான் நான் கவனித்தேன். அது வெள்ளைச்சி. சனிக்கிழமை ஒன்று, வேம்புக்குக் கீழே கதிரை போட்டுக் கொப்பி திருத்திக்கொண்டிருந்தேன். வெள்ளைச்சி கன்று போட்டுக் கொஞ்ச நாள். அவள் வைக்கோல் தின்கிற இடத்துக்கு இவன் வழக்கமான உரிமையோடு போனான். அவள் தலையைத் தாழ்த்தி இரண்டு அடி இவன் பக்கம் எடுத்து வைத்தாள், அவ்வளவுதான். முட்டவில்லை, கத்தவில்லை, துரத்திக்கொண்டு ஓடவுமில்லை. இவன் பின்னால் போனான். போனதும் அவள் இவனை மறந்துவிட்டு வைக்கோலுக்குத் திரும்பினாள். இவன் எட்ட நின்று, தலையைத் தொங்கப் போட்டு, வெறும் வாயை மென்றுகொண்டு நின்றான். கொஞ்சம் பொறுத்து மெல்ல வந்தான், அவள் விட்டாள், பக்கத்தில் நின்று தானும் தின்றான். மறுபடி அவசரப்பட்டான், மறுபடி இரண்டு அடி. குத்த வந்தவருக்கும் அடிக்க வந்தவருக்கும் தடவ வந்தவருக்கும் கேளாதவன், கன்று போட்ட மாட்டுக்கு முன்னால் தேவார வகுப்புப் பிள்ளைபோல நின்றான். ஏனென்றால் இந்த வளவில் அவனைப் பார்த்து ஒரு அடி முன்னால் வைத்தது அவள் ஒருத்திதான். நாங்கள் எல்லோரும் இரண்டு வருஷமாகப் பின்னால் போய் அவனுக்கு இடம் விட்டுக்கொண்டே இருந்தோம். அவனுடைய கணக்கில், யார் விலகுகிறாரோ அவர் சின்ன ஆள்.

அடுத்த நாளிலிருந்து நான் படலையில் நின்றேன். பின்னேரம் அவன் வாய்க்கால் கரையில் மேய்ந்துவிட்டுத் தானாக வருவான், வந்தால் படலையை நெஞ்சால் தள்ளிக்கொண்டு நேரே குசினிக்கு. பள்ளிக்கூடக் குடையைச் சுருக்கிக் கையில் பிடித்துக்கொண்டு, படலையைத் திறந்து நடுவில் நின்றேன். அவனை நில் என்று சொல்ல வேண்டும். எனக்கு வரவில்லை. உனக்குத் தெரியும், நான் பஸ்ஸில் என் காலை மிதித்தவரிடமும் மன்னிப்புக் கேட்கிறவள். ஆசிரியர் அறையில் என் கதிரையில் வேறு யாராவது இருந்தால் யன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவள். அவன் வந்தான், நான் ஒதுங்கினேன், அவன் போனான். ஒதுங்கும்போது என் வாய் “வா, வா” என்றும் சொன்னது. என்னை நினைக்க எனக்கே சீ என்று இருந்தது. இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் வேலிக்கு அந்தப் பக்கம் அன்னபாக்கியம் கட்டுப்போட்ட கையோடு நின்று பார்ப்பது தெரிந்தது. அன்று அவன் வந்தபோது நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். குடை நுனியை அவனுடைய நெஞ்சுக்கு நேரே நீட்டினேன், தொடவில்லை. அவன் நின்றுவிட்டான். அவனுக்கு அதிசயம், எனக்கு அதைவிட அதிசயம். இன்னும் ஒரு அடி. அவன் பின்னால் போனான், தலை தாழ்ந்தது, வாயை மென்றான். உடனே நான் வெள்ளைச்சி செய்தபடி முகத்தைத் திருப்பிவிட்டேன். கொஞ்ச நேரம் இருவரும் நின்றோம். பிறகு வா என்றேன், உள்ளே நடந்தேன், எனக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில் வந்தான், முதல் முறையாக என்னை இடிக்காமல்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் அதே வேலை, மழையோ வெயிலோ. கையால் ஒன்றும் கொடுப்பதில்லை. தவிடு வாளியில், வாளி நிலத்தில், அவன் எட்ட நின்று பொறுத்த பிறகுதான் வாளி. தலையில் கயிறு கட்ட, கட்டியபடி இழுக்காமல் பக்கத்தில் நடக்க, காலைத் தொட்டால் உதறாமல் குளம்பைத் தூக்கித் தர, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் நான் கேட்கவில்லை, கேட்டதை அவன் தராமல் நான் விடவுமில்லை. முன்னங்காலைத் தூக்கி எழும்பப் பார்த்தால் முற்றத்தை விட்டே வெளியே போக வேண்டும், படலைக்கு அப்பால், தனியாக. அதுதான் அவனுக்குப் பெரிய தண்டனை. அடியைத் தாங்குவான், தனிமையைத் தாங்கமாட்டான். வெளியே நின்று கனைப்பான், அப்பா குசினிக்குள் இருந்து நெஞ்சைப் பிடிப்பார். இருவரையும் நான் கவனிக்கவில்லை. தலை தாழ்ந்தால் உள்ளே விடுவேன்.

உன் அப்பாவைப் பழக்கத்தான் கூடக் காலம் எடுத்தது. மார்கழிக் கடைசியில் ஒருநாள் சின்னத்துரை திடீரென்று பழையபடி என் சேலையைக் கவ்வினான். அடுத்த நாளும். எனக்கு விளங்கவில்லை, நான் எங்கே பிழை விட்டேன் என்று யோசித்து யோசித்துத் தலை வெடித்தது. பிறகு பள்ளிக்கூடத்தால் நேரத்தோடு வந்த ஒரு நாள் கண்டேன், மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் அப்பா மடியிலிருந்து பனங்கட்டியை உடைத்து உடைத்து அவனுடைய வாயில் வைத்துக்கொண்டிருந்தார், “அம்மாட்டைச் சொல்லாதையடா” என்று சொல்லிக்கொண்டு. பத்மாசனி, இந்த இருபத்திரண்டு வருஷத்தில் நான் அவருக்கு முன்னால் குரலை உயர்த்தியதில்லை. அன்று உயர்த்தினேன். அந்தத் துவக்கு யாருக்கு என்று நினைக்கிறீர்கள், நீங்கள் அவனுக்குக் கொடுப்பது பனங்கட்டி இல்லை, ஈயம் என்றேன். இனி அவனுக்குக் கையால் கொடுத்தால் உங்களுக்கும் வாளியில்தான் சோறு என்றும் சொன்னேன். அவர் மிச்சப் பனங்கட்டியைத் தன் வாயில் போட்டுக்கொண்டு போனார். இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் தேத்தண்ணிக்குச் சீனி போதுமா என்று கேட்டார். கெடுத்ததைத் திருத்தத் தைப்பொங்கல் வரை எடுத்தது.

பொங்கலுக்கு மறுநாள் மாட்டுப் பொங்கல். வெள்ளைச்சிக்கு மாலை போட்டு நான் வேம்படியில் நின்றேன். சின்னத்துரை கயிறில்லாமல் கிணற்றடித் தொட்டியில் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றான். அப்போது அன்னபாக்கியம் கட்டு அவிழ்த்த கையோடு, வெறும் குடத்தோடு தன் வேலியில் ஆள் நுழைய விட்ட கடவையால் கிணற்றுக்கு வந்தாள். அவள் சொல்லிவிட்டு வரவில்லை. அவளுக்குப் பின்னால் கடவையில் வீரகத்தி நின்றார், துவக்கோடு. நான் ஓடினாலும் போய்ச் சேர முடியாத தூரம். சின்னத்துரை தலையைத் தூக்கினான், காதை நிமிர்த்தினான், அவளை நோக்கி ஓட்ட நடையில் போனான். நில் என்று கத்த வாயெடுத்தேன், சத்தம் வரவில்லை. துவக்கு தோளுக்கு ஏறுவதைக் கண்டேன். ஆனால் அன்னபாக்கியம் பின்னால் போகவில்லை. ஒரு அடி முன்னால் வைத்தாள், குடம் பிடித்த கையை நீட்டினாள், நான் குடையை நீட்டுகிற மாதிரியே. அத்தனை நாளும் வேலிக்குள்ளால் பார்த்துப் படித்திருக்கிறாள், பேச்சு இல்லாவிட்டாலும். சின்னத்துரை மண் பறக்க நின்றான். தலை தாழ்ந்தது. வெறும் வாயை மென்றான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்த் தண்ணீர் அள்ளினாள், முறிந்த கைக்குப் பாரம் தாங்காமல் பாதி சிந்தியது. திரும்பும்போது வழியில் நின்றவனிடம் “தள்ளு” என்றாள், அவன் தள்ளி நின்றான். கடவையடியில் நின்று என்னைப் பார்த்து, இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல் முறையாக, “ரீச்சர், வாய் வந்திட்டுது போலை” என்றாள். எனக்கு அந்த நேரத்தில் வாய் வரவில்லை என்பதை அவளுக்கு நான் சொல்லவில்லை. நல்லநாள், பொங்கல் கொண்டு வாறன் என்றேன்.

ஆனால் வீரகத்தி துவக்கைக் கீழே இறக்கினாரே தவிர அதற்குள் கெட்டித்த மருந்தை எடுக்கவில்லை. அப்பா போய்ச் சிரித்துப் பேசிப் பார்த்தார். “அண்ணை, ரீச்சருக்கு முன்னாலை அது நிக்குது, என்ரை மனிசிக்கு முன்னாலையும் இண்டைக்கு நிண்டுது, சரி. சித்திரைக்குப் பிள்ளை வருகுதாமே. உதைப் பழக்கினது பிள்ளைதானே. பிள்ளை வந்து கைதட்டிப் போட்டுப் போன பிறகு பாப்பம்” என்றார். அவர் படிக்காதவர் என்று நீ நினைக்கலாம். எங்கள் வீட்டில் இருக்கிற எல்லோரையும் அவர் நன்றாகப் படித்து வைத்திருக்கிறார்.

ஆகவே கேள். நீ கிளிநொச்சி பஸ்ஸால் அக்கராயனில் இறங்கி வருவாய். உன் குரல் ஒழுங்கை முனையில் கேட்கும்போதே அவன் படலைக்கு வந்துவிடுவான். பெயர் சொல்லிக் கூப்பிடாதே, கைதட்டாதே, ஓடாதே. கையில் ஒன்றும் வைத்திருக்காதே, பையைக் கீழே வை. படலையைத் திறந்து நில். அவன் கிட்ட வந்தால் நீ ஒரு அடி முன்னால் வை, ஒரு காலத்திலும் பின்னால் வைக்காதே. அவன் நின்று தலையைத் தாழ்த்தி ஒரு பக்கம் பார்ப்பான். உன்னைக் கண்டு அவன் தோளில் கால் போடாமல் நிற்பதைப் பார்க்க உனக்கு நெஞ்சு வெடிக்கும், என்னை மறந்துவிட்டான் என்று நினைப்பாய். மறக்கவில்லை. உன் பழைய சட்டையை நான் தோய்த்துக் கொடியில் போட்ட அன்று அதற்குக் கீழேயே அரை நாள் நின்றான், எட்ட நின்றான், இழுக்கவில்லை. அவ்வளவு மரியாதையை அவன் இப்போது படித்திருக்கிறான், நீ அவனுக்குச் செய்யக்கூடிய அன்பு அதைக் கெடுக்காமல் விடுவதுதான். நீ பொறுத்து நின்றால் அவன் தானாக வந்து உன் கைக்குக் கிட்ட மூக்கைக் கொண்டு வருவான். அப்போது கழுத்தைத் தடவலாம், கட்டிப்பிடிக்காதே. அழுவதென்றால் குசினிக்குள் வந்து அழு, நான் மீனை அடுப்பில் வைத்துவிட்டுப் பார்க்காதவள்போல் இருப்பேன். நீ அவனை ஒரே ஒரு தரம் எழும்ப விட்டாலும், நீ கொழும்புக்குத் திரும்பிய பிறகு அவன் அடுத்ததாக எழும்புவது அன்னபாக்கியத்தின் தோளில், அதற்கு அடுத்த சத்தம் உனக்குக் கேட்காது, எங்களுக்குக் கேட்கும்.

இதற்கெல்லாம் சம்மதம் என்று ஒரு வரி எழுதித் தபாலில் போடு. அது வந்த பிறகுதான் நீ பஸ் ஏற வேண்டும். அப்பா தானும் ஒரு துண்டுக் கடிதம் எழுதி இதற்குள் வைக்கச் சொல்லித் தந்தார். வாசித்துப் பார்த்தேன். பிள்ளை, அம்மா சொல்கிற அளவுக்கு ஒன்றும் இல்லை, நீ ஒரு பக்கட் பிஸ்கட் கொண்டு வா என்று இருந்தது. அடுப்புக்குள் வைத்துவிட்டேன். மீராசாகிபு போன கிழமை வந்தார் என்பதையும் எழுத வேண்டும். புதுத் தொப்பி. படலைக்கு வெளியே வண்டிலை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார், சின்னத்துரை எட்ட நின்று அவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். “ரீச்சர், பிள்ளை வளந்திட்டான்” என்று சொல்லி உள்ளே வந்தார். நல்ல சீலாக் கருவாடு ஒன்று உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரி வேலையில் நின்றபடியே சாப்பிடாதே. ஞாயிறுகளில் தலைக்கு நல்லெண்ணெய் வை. யாராவது பெரிய தாதிகள் உன்னைத் தள்ளிக்கொண்டு போனால் உன் அம்மாவைப் போல ஒதுங்கி நிற்காதே, நின்ற இடத்தில் நில். உனக்கு ஒரு குறையும் வராமல் முருகன் காப்பார், அப்பாவின் ஆசியும் என்னுடைய ஆசியும் எப்போதும் உன்னோடு. கிறீம் பிஸ்கட்டுக்கு வைத்த காசில் எனக்கு ஒரு குடை வாங்கி வா, பழையதில் கம்பி இரண்டு முறிந்துவிட்டது. சின்னத்துரையில் பட்டு அல்ல, அவனை அந்தக் குடையால் நான் ஒருநாளும் தொட்டதுகூட இல்லை. அப்பா பனங்கட்டியோடு பிடிபட்ட அன்று நான் கொட்டில் தூணில் அடித்த அடியில் முறிந்தது.

இப்படிக்கு,
நீ வரும் நாளில் முதலில் உன்னைப் படலையில் நிறுத்தப்போகும்
உன் அம்மா,
இ. விமலேஸ்வரி